செயப்பாட்டு வினையில் ஒரு நாவல்: காஃப்காவின் ‘விசாரணை’

பிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ நம்மவரிடையே புகழால் அறியப்பட்ட அளவுக்கு வாசிப்பால் அறியப்பட்ட நாவலன்று. வாசிக்கத் தொடங்கியோருட் பலர் மூன்றாம் நான்காம் அத்தியாயத்தோடு நூலை மூடிவைத்துவிட்டு, ‘விளங்கவில்லை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். வாசித்து முடித்தோரோ, விளங்காமலிருப்பதே அதன் சிறப்பென்று வேறொரு தீர்ப்பளிக்கின்றனர். இரண்டு தீர்ப்பும் நூலைப் பற்றிய பேச்சை அத்துடன் நிறுத்திவிடுகின்றன. ஒரு நாவல் குழப்பந் தருகின்றதென்றால், அக்குழப்பம் எந்தச் சம்பவத்திலே, எவ்விதமான வாக்கியத்திலே தொடங்குகின்றதென்று விரல்வைத்துக் காட்டுதல் விமர்சனத்தின் முதற்கடமை. அவ்வாறு காட்ட முற்படும்பொழுது, இந்நாவல் நீதிமன்றத்தைப் பற்றியது என்பதிலும் பார்க்க உத்தியோகத்தைப் பற்றியது என்பதே எனக்குப் புலனாகின்றது. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூலைப் பற்றிய சில விவரங்கள். 1914 ஆகஸ்ட் மாதத்தில் எழுதத் தொடங்கப்பட்டு 1915 சனவரியிற் கைவிடப்பட்ட நாவல் இது. காஃப்கா 1924இல் காசநோயால் இறந்தார். தமது கையெழுத்துப் படிகளை எரித்துவிடுமாறு அவர் விட்டுச்சென்ற வேண்டுகோளை ஏற்க மறுத்த நண்பர் மக்ஸ் புரொட், 1925இல் இந்நாவலை அச்சேற்றினார். அத்தியாயங்களின் ஒழுங்குகூடப் புரொட் அமைத்ததே; சில அத்தியாயங்கள் முற்றுப்பெறவுமில்லை. ஜெர்மன் மூலத்திலிருந்து நேரடியாக ஏ. வி. தனுஷ்கோடி செய்த தமிழாக்கம் 1992இல் சென்னை க்ரியா வெளியீடாக வந்தது. ஆங்கிலத்தின் வழியாக வடிகட்டப்படாது தமிழுக்கு வந்த சில ஐரோப்பிய நாவல்களுள் ஒன்று என்ற வகையிலும் அது மதிக்கத்தக்கது.

கதை யாவருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். யோசப் கே. என்பவன் ஒரு பெரிய வங்கியின் உயர் உத்தியோகத்தன். தனது முப்பதாவது பிறந்தநாட் காலையில், தங்கியிருக்கும் விடுதியறையிலே, இரு காவலர்களாற் கைது செய்யப்படுகின்றான். குற்றம் இன்னதென்று எவருஞ் சொல்வதில்லை. ஓராண்டு காலம் அவன் நீதிமன்றத்தைத் தேடி அலைகின்றான். விசாரணைக் கூடம், கூரையடிக் கந்தோர்கள், நோயாளியான வழக்கறிஞர், நீதிபதிகளைப் படமெழுதும் ஓவியன், சிறைச்சாலைக் குருவானவர் என்று ஒருவர் மாறி ஒருவரிடஞ் செல்கின்றான். முப்பத்தோராவது பிறந்தநாளுக்கு முந்திய இரவில் ஒரு கற்குழியிலே கொல்லப்படுகின்றான்.

இதில் குழப்பம் எங்கே தொடங்குகின்றது? கைதில் அன்று. காரணமின்றிக் கைது செய்யப்படுவது உலகிற் புதிதுமன்று, விளங்காததுமன்று. கைது செய்த கண்காணிப்பாளர், இக்கைது கே.யின் உத்தியோகத்துக்கு எவ்வகையிலும் இடைஞ்சலாக இராதென்றும், அவன் வழக்கம்போல வங்கிக்குப் போகலாமென்றும் அறிவிக்கும் அந்த இடத்திலேதான் வாசகனின் காலடியில் நிலம் அசைகின்றது. அதுமட்டுமா? வங்கியின் இளநிலை எழுதுவினைஞர் மூவர் அவ்வறைக்கு அழைத்துவரப்பட்டிருக்கின்றனர், கே. தாமதமாகப் போவது வங்கியில் எவர் கண்ணிலும் படாதிருக்கவேண்டும் என்பதற்காக! முதல் விசாரணை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கப்படுகின்றது. அதற்கும் காரணம் அவனது வேலைநாள் கெடக்கூடாதென்பதே. அச்செய்தி தொலைபேசியில் வந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அருகில் வந்து நிற்கும் துணை முகாமையாளர் அந்த ஞாயிறன்றே தமது பாய்க்கப்பலில் நடக்கும் விருந்துக்கு அவனை அழைக்கின்றார். கே.க்கு எந்த அழைப்பு அதிகக் கலக்கத்தைத் தருகின்றது? துணை முகாமையாளரின் அழைப்புத்தான். மேலதிகாரி தானாக இறங்கிவந்து அழைத்த அழைப்பை மறுக்க நேர்ந்ததே என்பதுதான் அவன் கணக்கு.

கனவுத் தன்மை என்று நாம் சொல்லும் யாவும் இந்த ஒரு முடிச்சிலிருந்து விரிகின்றன. பேரழிவு ஒன்று வந்துவிட்டது. ஆனால் அது கந்தோர் நேரத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றது.

நடையைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்நாவலின் வசனங்களில் மயக்கமில்லை, உவமைக் கூட்டமில்லை, உணர்ச்சிப் பெருக்குமில்லை. ஓர் அறிக்கையின் நிதானத்தோடு, இது நடந்தது, ஆயினும் இவ்வாறுங் கொள்ளலாம், எனினும் அவ்வாறு கொள்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அவை அடியெடுத்து வைக்கின்றன. இதற்குக் காரணந் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. காஃப்கா 1906இற் சட்டத்துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1908 முதல் 1922இல் நோயினால் ஓய்வுபெறும்வரை பிராக் நகரிலே பொஹீமிய அரசின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். மரஞ் சீவும் இயந்திரங்களில் தொழிலாளர் விரலிழப்பதைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையொன்று அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வெளிவந்துள்ளது. சதுரத் தண்டில் அலகு பூட்டிய பழைய இயந்திரத்தில் மேசைக்கும் தண்டுக்கும் இடையே வாயாக விரியும் இடைவெளி எவ்வளவு ஆபத்தானது, உருளைத் தண்டு அவ்விடைவெளியை எவ்வாறு குறுக்குகின்றது என்று படங்களுடன் விளக்கும் அறிக்கை அது. பதற்றமே இல்லாத வசனங்களில் விரல்கள் துண்டிக்கப்படுகின்றன. ‘விசாரணை’யின் நடை அந்தக் கந்தோர் மேசையிலே பயின்ற நடை என்பதிற் சந்தேகமில்லை.

‘கந்தோர்’ என்றேன். ஈழத்துப் பேச்சுத் தமிழுக்கே உரிய இச்சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ‘கான்டோர்’ என்பதன் திரிபு. ஜெர்மன் மொழியின் ‘கொன்டோர்’ அதற்கு உடன்பிறந்த சொல். தமிழ்நாட்டார் அலுவலகம் என்றும் ஆபீஸ் என்றும் சொல்லுகையில், திருகோணமலைக் கோட்டையை ஒருகாலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் சொல்லை நாம் இன்றும் வாயில் வைத்திருக்கின்றோம். காஃப்காவின் உலகத்துக்கும் நமக்கும் இடையில் ஒரு சொல்லின் உறவேனும் உண்டு.

இந்நாவலுக்கு வழங்கிவரும் வியாக்கியானங்கள் பல. புரொட் இதனைச் சமய நோக்கில், இறைவனின் எட்டாத நீதியைத் தேடும் ஆன்மாவின் கதையாகக் கண்டார். பின்வந்தோர் சிலர், நாசிகளின் ஆட்சியையும் அதற்குப் பிந்திய சர்வாதிகாரங்களையும் முன்னறிவித்த தீர்க்கதரிசனமாகக் கொண்டனர். மார்க்சிய விமர்சகர் ஜோர்ஜ் லூக்காச், விவரங்களைச் சித்திரிக்கும் காஃப்காவின் ஆற்றலை ஒப்புக்கொண்டபோதிலும், அவ்விவரங்கள் யாவும் ஒரு வெறுமையைச் சுட்டும் உருவகமாக முடிவதைக் கண்டித்து, தோமஸ் மன்னின் யதார்த்தத்தையே உயர்த்திப் பேசினார். 1963இற் பிராக்குக்கு அண்மையில் லிப்லிட்சே என்னுமிடத்தில் நடந்த மாநாட்டிலே, சோஷலிச நாடுகளின் விமர்சகர்களே காஃப்காவை மீட்டெடுக்க முனைந்தனர் என்பது வரலாறு. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) வழியே நாவலை அணுகக் கற்ற நமக்கு லூக்காச்சின் ஆட்சேபம் அந்நியமானதன்று. ஆயினும் ‘விசாரணை’யின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், அவை வெறுமையைச் சுட்டவில்லை, சம்பளத்தையும் பதவியையும் வேலைப் பிரிவினையையும் சுட்டுகின்றன. லூக்காச் தமது வழிமுறையை இந்நூலின்மீது முழுமையாகப் பிரயோகிக்காது விட்டுவிட்டார் என்றே நான் எண்ணுகின்றேன்.

நம் பிரதேசத்து வாசகருக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமான நான்காவது வியாக்கியானம் ஒன்றுண்டு. ‘விசாரணை’ என்ற தலைப்பை வாசித்தவுடனேயே அது நம் மனத்தில் எழுந்துவிடுகின்றது. 1979இல் தற்காலிகமெனக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் குற்றச்சாட்டின்றித் தடுத்து வைக்கப்பட்டோரை அறியாத கிராமம் இம்மாவட்டத்தில் இல்லை. ‘விசாரணைக்குக் கூட்டிச்சென்றார்கள்’ என்ற வசனத்தின் பொருளை நமக்கு எந்த அகராதியும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ‘இது நம் கதையே’ என்று நூலை அணைத்துக்கொள்ளத் தோன்றுகின்றது. அந்த உணர்ச்சியை நான் மதிக்கின்றேன். அந்த வாசிப்பை ஏற்கமாட்டேன். நம் மாவட்டத்தில் விசாரணைக்குக் கூட்டிச்செல்லப்பட்டவர் மறுநாட் காலை வங்கிக்குப் போகவில்லை. கே.யின் கைகளில் விலங்கில்லை. அவனை எவரும் அடைத்து வைக்கவுமில்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒப்பிடுவது நாவலுக்கும் நீதியன்று, தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும் நீதியன்று.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. கே. குற்றஞ்சாட்டப்பட்டவன், அவனே வாயிலைத் தட்டுகின்றான். நம் ஊரில் வாயிலில் நெடுங்காலம் நிற்பவர் பெரும்பாலும் முறைப்பாட்டுக்காரர். 2006 சனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் எதிரிகளாகக் காணப்பட்ட விசேட அதிரடிப்படையினர் பதின்மூவரும் போதிய சான்றில்லை என்று 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளிற் பெற்றோர் ஏறியிறங்கிய படிகளைக் காஃப்கா எழுதவில்லை. அவர் எழுதியது வேறொன்று. அப்படிகளின் ஒவ்வொன்றிலும் கதிரைபோட்டு அமர்ந்திருப்பவரை அவர் எழுதினார்.

இங்கேதான் நாவலின் மையத்துக்கு வருகின்றோம். ‘விசாரணை’யில் வரும் நீதிமன்றத்தாரை வரிசைப்படுத்திப் பாருங்கள். கே.யின் காலையுணவை உண்டு, அவனது உள்ளாடைகளுக்கு ஆசைப்படும் காவலர் இருவர். சம்பளம் போதாதென்றும், கைதியின் உடைகள் தமக்கு வந்துசேருவது தொன்றுதொட்ட வழக்கமென்றும் பின்னர் அவர்கள் முறையிடுகின்றனர். ஒருவன் குடும்பஸ்தன், மற்றவன் திருமணத்துக்குக் காத்திருப்பவன். கூரையடிக் கந்தோரிலே, கேட்போர்க்கெல்லாம் தகவல் சொல்ல நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர் ஒருவர். வருவோர் முதலிற் காணும் முகம் அவருடையதாகையால், அவருக்கு நல்ல உடுப்பு வாங்கக் கந்தோரில் எல்லோருஞ் சேர்ந்து பணந் திரட்டியிருக்கின்றனர்! அக்கந்தோரின் புழுங்கிய காற்றிற் கே.க்கு மயக்கம் வருகின்றது. அவனைத் தாங்கி வாசல்வரை கொண்டுவந்துவிடும் இருவருக்கோ, படிக்கட்டிலிருந்து வரும் நல்ல காற்றைத் தாங்க முடியவில்லை. தித்தொரெல்லி என்ற ஓவியன் நீதிமன்ற ஓவியன் என்ற பதவியைத் தந்தையிடமிருந்து முதுசமாகப் பெற்றவன். இவர்களுள் எவரும் கொடியவர் அல்லர். எவரும் முடிவெடுப்பவரும் அல்லர். எல்லோரும் வேலை பார்க்கின்றனர்.

இவ்வரிசையில் என்னை மிகவும் உலுப்பியது கசையடிகாரன் வரும் அத்தியாயம். ஒருநாள் மாலை, வங்கியில் வேலைமுடிந்து நடைவழியாற் போகும் கே., பழைய சாமான்கள் போட்டு வைக்கும் அறையொன்றினுள்ளே முனகல் கேட்டுக் கதவைத் திறக்கின்றான். உள்ளே மெழுகுதிரி வெளிச்சத்தில், தன்னைக் கைதுசெய்த காவலர் இருவரும் அடிவாங்க நிற்கின்றனர். தோலுடை தரித்த ஒருவன் கசையோடு நிற்கின்றான். விசாரணையில் கே. அவர்களைப் பற்றிக் குறை சொன்னதாலேயே இத்தண்டனை. கே. பணங் கொடுத்து அவர்களை விடுவிக்கப் பார்க்கின்றான். கசையடிகாரன் மறுக்கின்றான். அவனுக்குக் கோபமில்லை, வெறுப்புமில்லை. அடிப்பதற்கென்று அவன் நியமிக்கப்பட்டிருக்கின்றான், ஆதலால் அடிக்கின்றான். காவலன் ஒருவனின் அலறல் வங்கியெங்கும் கேட்கின்றது. ஓடிவரும் ஏவலாளரிடம், முற்றத்தில் நாயொன்று ஊளையிட்டதெனச் சொல்லிக் கே. அவர்களை அனுப்பிவிடுகின்றான். (நாவலின் கடைசி வரியில் அவனது சாவுக்குக் காஃப்கா எந்தப் பிராணியை ஒப்பிட்டார் என்பதை நினைவுகூர்க.) மறுநாள் மாலை அதே கதவைத் திறந்தால், அதே மெழுகுதிரி, அதே மூவர், அதே நிலை. கே. கதவை அறைந்து சாத்திவிட்டு, அழுகை முட்ட, நகலெடுக்கும் இயந்திரத்தடியில் அமைதியாக வேலைசெய்யும் ஏவலாளரிடம் அவ்வறையைச் சுத்தஞ் செய்யும்படி சொல்கின்றான். நாளைக்குச் செய்கிறோம் என்கின்றனர். தலையசைத்துவிட்டு வீடு போகின்றான்.

இவ்வத்தியாயத்தைச் சல்லியில் என் சிறிய தந்தையாருக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது ஆண்டுகள் அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். நாவல் வாசிக்கும் பழக்கமில்லாதவர். குழப்பமாக இருக்கிறதா என்று கேட்டேன். “இதில என்ன குழப்பம் மகன்? எல்லாக் கந்தோரிலயும் இப்பிடி ஒரு அறை இருக்கும். திறப்பு ஆரிட்ட எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். சிறிது யோசித்துவிட்டு, கே. தனது கோவையின் இலக்கத்தை ஒரு தடவையேனும் கேட்கவில்லையே என்றுங் குறைப்பட்டுக்கொண்டார். விமர்சகர் பலர் நீட்டி முழக்கியதை, அதாவது முதல்நாட் காலைக்குப் பின் கே. தன்மீதான குற்றம் யாதென்று அறிவதில் அக்கறையே காட்டுவதில்லை என்பதை, அவர் தமது தொழிலறிவினாலேயே கண்டுகொண்டார்.

கந்தோர்த் தமிழைச் சற்றுக் கவனித்தால் இவ்வுலகம் நமக்கு இன்னும் அணுக்கமாகும். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வருகின்றது’, ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்று முடியாத உத்தியோகக் கடிதம் உண்டா? பரிசீலிப்பவர் யார்? நடவடிக்கை எடுப்பவர் யார்? இலக்கணம் கற்றோர் அறிவர்: செய்வினையில் வினைமுதல் எழுவாயாக முன்னே நிற்கும், செயப்பாட்டு வினையிலோ அது மூன்றாம் வேற்றுமை ஏற்று ஒதுங்கிவிடும், வேண்டாவிடின் முற்றாகவே மறைந்துவிடும். வாக்கியம் அப்பொழுதும் இலக்கண சுத்தமாகவே இருக்கும். ‘விசாரணை’யின் உலகம் இவ்விதமான வாக்கியத்தினாற் கட்டப்பட்டது. கே. கைது செய்யப்படுகின்றான், அழைக்கப்படுகின்றான், காத்திருக்க வைக்கப்படுகின்றான், கொல்லப்படுகின்றான். ‘ஆல்’ உருபு ஏற்கவேண்டிய பெயரைத் தேடியே அவன் ஓராண்டு அலைகின்றான். அவன் சந்திப்போர் எல்லோரும் கருவிகள், வினைமுதல் அகப்படுவதேயில்லை.

திருகோணமலை நகருக்கு வடக்கே சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கும் சல்லி, முத்துமாரியம்மன் கோயிலுக்கும் மீன்பிடிக்கும் பேர்போன கிராமம். வாடை ஓய்ந்தபின் கரைவலை இழுக்கும் காட்சியை அங்குக் காணலாம். கயிற்றின் இரு தலைப்பையும் இரு அணியினர் பற்றி இழுக்க, மடி கரைக்கு வந்துசேர்கின்றது. எல்லோர் கண்முன்னும் மீன் பங்கிடப்படுகின்றது. இது ஒரு பொற்காலக் காட்சியென்று நான் சொல்லவரவில்லை. சம்மாட்டியின் பங்கு பெரிது, இழுப்பவர் கடனாளி. ஆனால் பங்கு குறைந்தால், குறைத்தவர் இன்னாரென்பது மணலில் நிற்கும் சிறுவனுக்குந் தெரியும். ஏசுவதற்கு ஒரு முகமுண்டு. 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த துறைமுகத்திலும், பின்னர் 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா மாவாலை போன்றவற்றிலும், அரச திணைக்களங்களிலும் சம்பளத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள் அந்த முகத்தைத் தொலைத்தவர்கள். வேலை என்பதன் இலக்கணமே அங்கு மாறிவிட்டது. நம் நாவல்கள் இம்மாற்றத்தின் உட்புறத்தைப் போதியளவு பார்க்கவில்லை. எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ கொழும்பிலே கந்தோர் வேலைபார்க்கும் ஓர் எழுதுவினைஞனைப் பற்றிய அருமையான நாவல். ஆயின் நாம் அவனைக் காண்பது யாழ்ப்பாணத்து வீட்டில், விடுமுறையில். மேசைக்கு முன்னால் அவன் என்ன செய்கின்றான், அவன் மேசைக்கு மறுபுறம் யார் நிற்கின்றார் என்பது கதைக்கு வெளியே. தமிழ்நாட்டில் அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ திரைப்படத் தொழிலின் ஊழியரை ஊழியராகவே பார்த்த அரிய விதிவிலக்கு. பொதுவாக உத்தியோகம் நம் நாவலிற் சம்பளமாக வருகின்றது, சீதனப் பேச்சாக வருகின்றது, இடமாற்றமாக வருகின்றது; வேலையாக வருவதில்லை.

மேசைக்கு மறுபுறம் யார் நிற்கின்றார் என்ற இக்கேள்வியே ‘விசாரணை’யின் உயிர்நிலை. நூலை விளங்கவில்லை என்று மூடிவைப்போரும், இது நம் துயரக்கதை என்று அணைத்துக்கொள்வோரும் ஒருங்கே தவறவிடும் பகுதி ஒன்றுண்டு. குளிர்காலக் காலையொன்றில் கே. வங்கியில் தனது அறையில் இருக்கின்றான். வழக்கைப் பற்றிய எண்ணம் அவனை வேலைசெய்ய விடவில்லை. தானே ஒரு மனு எழுதவேண்டும், அதற்குத் தன் வாழ்க்கை முழுவதையும் மீட்டுப் பார்க்கவேண்டும் என்று யன்னலைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருக்கின்றான். வெளியே, அவனைக் காண வந்த வாடிக்கையாளர் காத்திருக்கின்றனர். நெடுநேரங் காத்திருந்து உள்ளே வரும் ஆலையதிபர் தமது கணக்கை விளக்கும்போது, கே. கேட்பதுபோலப் பாவனை செய்கின்றான். பின்னர் ஓவியனைத் தேடி அவன் அவசரமாக வெளியேறும்போது, முன்னறையில் இன்னும் மூவர் காத்திருக்கின்றனர். இன்னொரு நாள் வாருங்கள், அல்லது தொலைபேசியிற் பேசுவோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நடக்கின்றான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திகைத்து நிற்கின்றனர்.

யாரோ ஒருவரின் முன்னறையிற் காக்கவைக்கப்படும் அதே மனிதன், தன் முன்னறையில் மற்றவரைக் காக்கவைக்கின்றான். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்த காஃப்கா, கே.யின் மனத்தில் அவ்விரண்டையும் ஒருகணமேனும் சந்திக்க விடவில்லை. காவலர் அடிபட்டபோது அவன் வருந்துகின்றான், ஆனால் அவர்கள் தன்னைப் போன்ற சம்பளக்காரர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தானியவியாபாரி புளொக் ஐந்தாண்டுக்கு மேலாக வழக்காடி, வியாபாரம் சுருங்கி, வழக்கறிஞரின் கட்டிலடியில் முழந்தாளிடுவதைக் காணும்போது அவனை அருவருக்கின்றான். தன் வங்கியின் வாசலில் நின்ற வியாபாரிகள் அவன் நினைவுக்கு வரவில்லை. நாவலின் குழப்பம், கே.யின் இந்தக் குருட்டிடத்தின் வடிவமே. கதை முழுவதும் அவனது பார்வையிலேயே சொல்லப்படுவதால், அவன் காணாதவற்றை வாசகன் தானே தேடிக் காணவேண்டியிருக்கின்றது.

தேவாலயத்திற் குருவானவர் சொல்லும் வாயில்காப்போன் கதையையும் இவ்வொளியிற் பார்க்கலாம். நாட்டுப்புறத்து மனிதன் ஒருவன் சட்டத்தின் வாயிலில் ஆயுட்காலம் முழுதுங் காத்திருக்கின்றான். சாகும் தறுவாயில், அவ்வாயில் அவனுக்கென்றே வைக்கப்பட்டது என்றறிகின்றான். பொதுவாக நாம் இக்கதையில் அம்மனிதனோடு நிற்கின்றோம். குருவானவர் அடுத்துச் சொல்லும் வியாக்கியானங்கள் சலிப்பூட்டுவன என்று பலர் தாண்டிச் செல்வதுண்டு. ஆனால் அங்கேதான் ஓர் அரிய கருத்து முன்வைக்கப்படுகின்றது: வாயில்காப்போனும் அத்தனை ஆண்டுகள் அங்கேயே நின்றவன், அவனும் உட்புறத்தை அறியாதவன், அம்மனிதன் தன் விருப்பப்படி வந்தவன், வேண்டுமானாற் போய்விடலாம், வாயில்காப்போனோ கடமையாற் கட்டப்பட்டவன். யாருக்காக யார் காத்திருந்தார்? பட்டம் பெற்றபின் நியமனக் கடிதத்துக்காகக் காத்திருக்கப்போகும் கலைப்பீட மாணவர் நாம். ‘அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். நாட்டுப்புறத்து மனிதனின் வரிசையில் நின்று, வாயில்காப்போனின் கதிரைக்கு விண்ணப்பிக்கின்றோம். இந்நாவலைப் பாதிக்கப்பட்டோரின் கதையாக மட்டும் வாசிப்பது நமக்கு ஏன் இவ்வளவு உவப்பாயிருக்கின்றது என்பதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூலில் குறைகள் இல்லாமலில்லை. பெண்பாத்திரங்கள் ஏறக்குறைய எல்லோரும், லேனி உட்பட, கே.யின் தேவைக்குத் தோன்றி மறைகின்றனர், அதனையுங் கே.யின் குருட்டிடமென்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் எல்லாக் குறைகளையும் அவ்வாறு நியாயப்படுத்துவது விமர்சனமாகாது. வழக்கறிஞரின் நீண்ட பேச்சுக்கள் வரும் பக்கங்கள் அயர்ச்சியூட்டுகின்றன. அவ்வயர்ச்சி வேண்டுமென்றே செய்யப்பட்டதாயினும் அயர்ச்சிதான். தமிழில் இக்கதையைச் சொல்ல முற்படுவோர்க்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஜெர்மன் மொழியில் ஒரே சொல்லால் முடிவது, நமக்கு ‘அவன்’, ‘அவர்’ என்று இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. வங்கியில் ‘அவர்’ ஆக இருப்பவன் விசாரணைக் கூடத்தில் ‘அவன்’ ஆகின்றான். விசாரணை நீதிபதி கே.யை வீட்டுக்கு வர்ணம் பூசுபவன் என்று எண்ணி விசாரிக்கும்போது, தான் ஒரு பெரிய வங்கியின் உயர் உத்தியோகத்தன் என்று அவன் விறைப்பாக மறுமொழி சொல்கின்றான். கூடத்தில் ஒருபகுதி விழுந்து விழுந்து சிரிக்கின்றது. அச்சிரிப்பின் காரணம் தமிழ் வாசகனுக்கு உடனே எட்டும்.

இறுதியாகக் கற்குழிக் காட்சி. நீண்ட மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்து வரும் கொலையாளர் இருவரையும் கே. பழைய நாடக நடிகர் என்றே எண்ணுகின்றான். யார் எந்த வேலையைச் செய்வதென்று அவர்கள் ஒருவருக்கொருவர் உபசாரஞ் செய்கின்றனர். படுத்திருப்பவனின் தலைக்கு மேலாகக் கத்தி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மரியாதையாக நீட்டப்படுகின்றது. கத்தியைத் தானே பிடுங்கிக் குத்திக்கொள்ள வேண்டுமென்று தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது கே.க்கு விளங்குகின்றது. அவன் அதைச் செய்யவில்லை. அந்நேரத்தில் அவன் நினைவு போவது கடவுளிடமுமன்று, தாயிடமுமன்று. அதிகாரிகள் செய்யவேண்டிய வேலை முழுவதையும் தன்னால் அவர்களுக்காகச் செய்துகொடுக்க இயலவில்லை என்றும், அதற்கு வேண்டிய பலத்தைத் தனக்கு விட்டுவைக்காதவர் எவரோ அவரே இக்கடைசித் தவறுக்குப் பொறுப்பு என்றும் அவன் எண்ணுகின்றான். இருபது முப்பது விநாடிகளில் இறக்கப்போகும் அவ்வுத்தியோகத்தன், முடிக்கப்படாத ஒரு வேலைக்குப் பொறுப்பாளர் யாரென்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.